நிலைத்தன்மைக்கு நான்கு மதிப்பெண்

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் ஓட்டம் இல்லை, என் பாதம். எங்கள் தொழிலில் புது ஷூ எது செய்தாலும் முதல் மாதிரியைப் பெண்களுக்கு முப்பத்தேழாம் அளவிலும் ஆண்களுக்கு நாற்பத்திரண்டாம் அளவிலும்தான் செய்வார்கள். கின்டேலா தொழிற்சாலையில் நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்கிறோம். முப்பத்தேழு அளவுக் காலும் வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுகிற பழக்கமும் சேர்ந்து இருந்தது எனக்கு மட்டும்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் தோனா கிராசா பசை ஒட்டும் பிரிவுக்கு இறங்கி வந்தார். அவர் முதலாளியின் மகள்; தோனா என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. அப்பா ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு நிர்வாகம் முழுக்க அவர் கையில். கீழே வந்தால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். அதனால் நான் தலையைக் குனிந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இலீதியா, கையத் துடைச்சிட்டு மேல வாங்க."

மேலே அவர் மேசையில் ஒரு வெள்ளை ஷூ இருந்தது. பக்கத்தில் என்ஜினியர் டெல்மு நின்றிருந்தார். முப்பது வயது, போர்ட்டோவில் படித்தவர், எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. முப்பது வருடமாக நாங்கள் பிற நாட்டுக் கம்பெனிகளின் பெயர் குத்தி அனுப்புகிறவர்கள். எங்கள் ஊர் ஃபெல்கெய்ராஸில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. இந்த வெள்ளை ஷூவின் நாக்கில் மட்டும் கின்டேலா என்று எங்கள் பெயர் இருந்தது. பக்கவாட்டில் ஒரு தகைவிலான் குருவி. ஷூவுக்கும் அந்தக் குருவியின் பெயர்தான், அன்டோரிஞ்ஞா.

"உள்ள கார்பன் தகடு இருக்கு" என்றார் டெல்மு. "பொதுவா தகடு வச்ச ஷூவ போட்டியன்னிக்கு மட்டும்தான் போடுவாங்க. தினம் ஓடறதுக்கு இன்னொரு ஜோடி வேணும். நாங்க ரெண்டுக்கும் ஒண்ணே போதும்ங்கிற மாதிரி பண்ணியிருக்கோம். மெதுவா ஓடுங்க, வேகமா ஓடுங்க, போட்டிக்குப் போங்க, எல்லாத்துக்கும் இதுதான். ஐநூறு கிலோமீட்டர் தாங்கணும்."

நான் கையில் எடுத்து அடிப்பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.

"பசை சுத்தமா ஒட்டியிருக்கு" என்றேன்.

"நீங்க ஒட்டினதுதான்" என்றார் தோனா கிராசா. "போன வாரம் எதுக்குன்னு சொல்லாம கொடுத்தோம். எட்டு வாரம் ஓடிப் பாத்து எழுதிக் கொடுங்க. மறைக்காம எழுதணும்."

வாரத்துக்கு ஒரு படிவம். மென்மை, துள்ளல், பிடிமானம், நிலைத்தன்மை, தேய்மானம் என்று ஐந்து கட்டங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கீழே குறிப்பு எழுத மூன்று வரி.

சனிக்கிழமை காலை எங்கள் ஊர் ஓட்டக் குழு நகராட்சி மைதானத்தில் கூடும். லாரி ஓட்டுகிற செலஸ்தீனுவுக்கு அறுபது வயது. குழுவிலேயே மூத்தவர். வாயும் அவருக்குத்தான் பெரியது. என் காலைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டார்.

"என்னம்மா இது, காலுக்கு மெத்த தச்சுப் போட்டுட்டு வந்திருக்க?"

"உள்ள தகடு இருக்கு, செலஸ்தீனு."

"தகடா? என் லாரியிலகூட பின்னாடி பிளேட் பிளேட்டா வச்சிருக்கான். பன்னெண்டு டன் தாங்கும். ஆனா ஏத்தத்துல லாரிய அது தள்ளி நான் பாத்ததில்ல."

அன்று ஒரு கிலோமீட்டர் வீதம் ஆறு முறை வேகமாக ஓடினோம். வழக்கமாக நான் ஒவ்வொன்றையும் நான்கு நிமிடம் ஐந்து விநாடியில் முடிப்பேன். அன்று மூன்று ஐம்பத்தாறு, மூன்று ஐம்பத்தைந்து, கடைசியில் மூன்று ஐம்பத்திரண்டு. தகடு வளையாது, உருளும். முன்பாதத்தில் எடை இறங்கியதும் அடுத்த அடிக்குத் தானே எடுத்துக் கொடுக்கும். முடித்ததும் தொடை வலிக்கவில்லை. செலஸ்தீனு தன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். அதன் பிறகு கிண்டல் செய்யவில்லை. அவர் ஒரு ஷூவுக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதை அது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடமாக நான் அரை மாரத்தானை, அதாவது இருபத்தொரு கிலோமீட்டரை, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓட முயன்றுகொண்டிருந்தேன். அதிகபட்சம் நெருங்கியது ஒன்று முப்பது நாற்பத்தொன்று. எனக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் எத்தனை வருடம் கால் இப்படி இருக்கும் என்று தெரியாது. மே மாதக் கடைசியில் டோரோ ஆற்றங்கரையில் ஒரு போட்டி இருந்தது. பாதை சமதளம், காலை நேரம், காற்று குறைவு. அந்தச் சனிக்கிழமை மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அதில் ஓடுவது என்று.

முதல் மூன்று வாரங்கள் படிவம் எழுதுவது சுலபமாக இருந்தது. துள்ளலுக்கு ஐந்து. பிடிமானம் ஈரத் தார்ச்சாலையில் நான்கு. மெதுவாக ஓடும் நாட்களில் ஷூ கொஞ்சம் அவசரப்படுத்துகிறது என்று எழுதினேன். அது உண்மை. கிலோமீட்டருக்கு ஐந்து நாற்பதில் போகலாம் என்று நினைத்தால் அது ஐந்து இருபதுக்குத் தள்ளும். டெல்மு அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அது குறையா, பாராட்டா?" என்று கேட்டார்.

"களைச்ச அன்னிக்குக் குறை" என்றேன்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்து சாந்தா கித்தேரியா குன்றில் ஏறி இறங்கினேன். இறங்கும் பாதை முழுக்கக் கல் பாவியது. சதுரக் கற்கள், ஓரம் தேய்ந்தவை. களைப்பில் மெதுவாக, குதிகால் பதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாதையோரத்தில் உள்ள இரண்டாவது சிற்றாலயத்தைத் தாண்டிய வளைவில் வலது குதிகால் வெளிப்பக்கமாக வழுக்கியது. வழுக்கியது என்பது சரியில்லை. கல் வழுக்கவில்லை, ஷூவுக்குள்ளேயே ஏதோ சாய்ந்தது. கை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கீழே வருவதற்குள் இன்னும் இரண்டு முறை அப்படி ஆனது. இடையில் சில நாள் பழைய ஷூவிலும் ஓடியதால், இந்த ஷூ அன்றோடு நூற்று அறுபது கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

வீட்டில் நான் தனியாக ஒரு பயிற்சி நோட்டு வைத்திருக்கிறேன். அதில் அன்றே எழுதினேன்: இறக்கத்தில் குதிகால் வெளியே போகிறது, மூன்று முறை, வலது.

வெள்ளிக்கிழமை படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நிலைத்தன்மைக் கட்டத்தில் பேனா நின்றது. இரண்டு என்று எழுதினால் ஷூவை வாங்கிக்கொள்வார்கள், பிரித்துப் பார்ப்பார்கள். புது மாதிரி வர ஜூன் ஆகும். போட்டிக்கு நான்கு வாரம்தான் இருந்தது. என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்: களைப்பாக இருந்தேன், கல் மோசம், போட்டியில் இறக்கமே கிடையாது. நான்கு என்று எழுதினேன். அதற்கு முந்தைய வாரங்களிலும் நான்குதான் போட்டிருந்தேன். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

போட்டியில் ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம் ஐம்பத்தேழு விநாடியில் முடித்தேன்.

அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு முறையும் என் கால் கல்லாகிவிடும். இந்த முறை ஆகவில்லை. கோட்டைத் தாண்டியதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அந்நியப் பெண், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். சந்தோஷமாக இருக்கிறேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தோனா கிராசா அலுவலகத்துக்கு மார்கரீத் கேக் வரவழைத்திருந்தார். எங்கள் ஊர்க் கேக், வெட்டினால் நடுவில் ஈரமாக இருக்கும். மேலாளர்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். எட்டு வாரப் படிவங்களையும் டெல்மு ஒரே தாளில் வரைபடமாகப் போட்டு வைத்திருந்தார். ஐந்து கோடுகளும் மேலேயே இருந்தன.

"அடுத்த கட்டத்துக்குப் போலாம்" என்றார் தோனா கிராசா. "இன்னும் பத்து ஜோடி. நம்ம பொண்ணுங்களுக்கே கொடுப்போம். செப்டம்பர் ஷூ கண்காட்சிக்குள்ள இவங்க கருத்தும் கையில இருக்கணும்."

பத்தில் ஒரு ஜோடி அடோசிந்தாவுக்குப் போனது.

அடோசிந்தா தையல் பிரிவில் இருக்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவர் லக்சம்பர்க்கில் கட்டட வேலை, வருடத்துக்கு இரண்டு முறை வருவார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதால் இரண்டு வருடத்துக்கு முன் ஓட ஆரம்பித்தாள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஆகும். குதிகால் பதித்து ஓடுவாள், அதுவும் பலமாக. ஷூவின் மேல்பாகம் அவள் தைத்தது, அடிப்பாகம் நான் ஒட்டியது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"நீ கீழ, நான் மேல. நடுவுல இந்தத் தகடு எவன் வச்சதுன்னுதான் தெரியல."

ஷூ கொடுத்த அன்று உணவு இடைவேளையில் என்னிடம் கேட்டாள்:

"ஏண்டி, இதுல ஏதாச்சும் பாத்து ஓடணுமா? நீதான எட்டு வாரம் போட்டிருக்க."

எனக்கு அந்த வளைவு ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். இறக்கத்தில் கவனமாக இரு என்று மூன்று சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், பிறகு ஏன் நான்கு போட்டாய் என்ற கேள்வி வரும்.

"ஒண்ணுமில்ல சிந்தா. பழகிடும்" என்றேன்.

ஜூலை இரண்டாவது வாரம் அடோசிந்தா விழுந்தாள். அதே குன்று, அதே பாதை, நான் சுவரைப் பிடித்த இடத்திலிருந்து ஐம்பது அடி கீழே. நான் அன்று அவளோடு போகவில்லை. கூடப் போன இரண்டு பெண்கள்தான் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் போனபோது மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள்.

"என் தப்புதான்" என்றாள் அடோசிந்தா. "காலப் பாத்து வைக்கல. குண்டம்மா ஓட வந்தா இப்படித்தான்."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்ல? நீ அதே ஷூவுல போட்டியே ஓடிட்ட. நான் ஒரு எறக்கம் எறங்க முடியல."

தையல்காரிக்கு இடது கைதான் துணியை நடத்துகிற கை. ஆறு வாரம் வேலை இல்லை.

மறுநாள் டெல்மு அவளுடைய ஷூவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஓடும் முறையில் கோளாறு என்று குறித்துக்கொண்டார். என் காதுபடத்தான் சொன்னார். "அவங்க குதிகால் ரொம்ப வெளிய விழுது. இலீதியாவுக்கு எட்டு வாரத்துல ஒரு தடவகூட ஆகலயே."

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் என் ஜோடியை எடுத்துக்கொண்டு பிரிவிலேயே இருந்தேன். தோல் வெட்டும் கத்தியால் வலது ஷூவைக் குதிகாலின் குறுக்கே வெட்டினேன். நுரை சுலபமாக அறுந்தது. தகடு அறுபடவில்லை. அதைச் சுற்றி அறுத்து எடுத்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. தகட்டின் பின்பகுதி குறுகலாக, வால் மாதிரி குதிகால் வரைக்கும் நீண்டிருந்தது. வெளிப்பக்க நுரை அமுங்கித் தட்டையாகியிருந்தது, உள்பக்கம் புதிது போலவே இருந்தது. வால் அமுங்கிய பக்கமாகச் சாய்ந்து நுரைக்குள் ஒரு கோடு வெட்டியிருந்தது. வேகமாக ஓடும்போது அந்த இடத்தில் எடையே விழாது. மெதுவாக இறங்கினால் முழு உடம்பும் அதன்மேல்தான்.

காலையில் இரண்டு துண்டுகளையும் என் வீட்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். டெல்முவும் அங்கே இருந்தார். துண்டுகளை மேசைமேல் வைத்தேன். டெல்மு உடனே எடுத்து வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினார். தோனா கிராசா நோட்டைத்தான் பார்த்தார். பக்கம் புரட்டினார். பிறகு கோப்பிலிருந்து என் படிவங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாலாவது வாரமே எழுதியிருக்கீங்க. குதிகால் வெளிய போகுதுன்னு."

"ஆமாங்க."

"இங்க நாலு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஏன்?"

நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போட்டியில அதப் போட்டுட்டு ஓடணும்னு ஆசை. கொறை சொன்னா வாங்கிப்பீங்கன்னு பயம். அப்புறம் நேரம் நல்லா வந்துருச்சு. வந்ததுக்கு அப்புறம் சொல்ல வாய் வரல. சிந்தா கேட்டப்பவும் சொல்லல."

தோனா கிராசா கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் படிவங்களை ஓரம் சேர்த்து அடுக்கினார்.

"மூவாயிரம் ஜோடிக்குத் தகடு சொல்லியாச்சு, இலீதியா. இந்தத் தாள நம்பித்தான் சொன்னேன்."

டெல்மு குறுக்கிட்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. மெஷின்ல நேரா அழுத்தித்தான் பாத்தோம். சாய்ச்சு அழுத்தல. கல்லு ரோடு, எறக்கம், எதுவும் பாக்கல."

"அதப் பத்தி உங்ககிட்டத் தனியாப் பேசறேன்" என்றார் தோனா கிராசா. பிறகு என்னிடம், "வேலைக்குப் போங்க. நோட்டு இங்க இருக்கட்டும்."

மற்ற ஒன்பது பேரிடமிருந்தும் ஷூவை அன்று மதியமே திரும்ப வாங்கிவிட்டார்கள். எனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சோள ரொட்டி வாங்கிக்கொண்டு அடோசிந்தா வீட்டுக்குப் போனேன். பொம்பெய்ரு போகும் சாலையில் சின்ன வீடு. அவள் சமையலறையில் உருளைக்கிழங்கை மாவுக்கட்டால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிச் சீவினேன். சீவிக்கொண்டே சொன்னேன். நான்காவது வாரம், சுவர், நோட்டு, படிவம், எல்லாம்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"நாலஞ்சு நாளா என் காலத் திட்டிக்கிட்டு இருக்கேன்டி. என் வயசத் திட்டினேன், ஒடம்பத் திட்டினேன். லக்சம்பர்க்லேர்ந்து போன் பண்ணி, உனக்கெதுக்கு இந்த வயசுல ஓட்டம்னு அவரு கேக்கறாரு. சரிதான்னு சொல்லி வச்சிருக்கேன். ஷூவ அடுப்புல போடலாமான்னுகூட நெனச்சேன். என்னோட பழைய ஷூவ."

"சிந்தா..."

"நான் ஒன்னக் கேட்டேன். சாப்பாட்டு மேசையில ஒக்காந்து கேட்டேன். பழகிடும்னு சொன்ன."

"ஆமா."

"கெழங்கு போதும். ரொட்டிய வச்சிட்டுக் கெளம்பு."

கிளம்பினேன். ஆகஸ்டில் தொழிற்சாலை மூன்று வாரம் மூடியது. அந்த நாட்களில் நான் பழைய ஷூவில் காட்டுப் பாதையில் ஓடினேன், கடிகாரம் கட்டாமல். செலஸ்தீனு ஒரு முறை வழியில் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது.

"அந்த ஓட்டத்த நெனச்சா ஒனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நேரத்த நெனச்சா சந்தோஷமாத்தான் இருக்கு. அதான் கஷ்டம்."

அவர் தலையாட்டிவிட்டு என்னோடு இரண்டு கிலோமீட்டர் ஓடினார்.

செப்டம்பரில் அடோசிந்தா வேலைக்குத் திரும்பினாள். விழுந்ததைத் தோனா கிராசா வேலையில் நேர்ந்த விபத்தாகவே எழுதிக் கொடுத்திருந்தார். பரிசோதனைக்காக ஓடியதுதானே. அதனால் அவளுக்குச் சம்பளம் நிற்கவில்லை. கண்காட்சிக்கு அன்டோரிஞ்ஞா போகவில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடோசிந்தா என்னிடம் பேசவில்லை. வணக்கம் சொன்னால் தலையசைப்பாள், அவ்வளவுதான். இரண்டாவது நாள் கையைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மேலே போனாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் இறங்கினாள்.

என்ன பேசினாள் என்று டெல்முதான் பிறகு சொன்னார். அடுத்த மாதிரிக்கு யார் ஓடப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். இலீதியாவை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிக்கிறோம் என்று தோனா கிராசா சொல்லியிருக்கிறார்.

"அவள வச்சுக்கங்க, இல்ல வேணாம்னு விடுங்க. அது ஒங்க பாடு" என்றாளாம். "தெருவுல நூறு பேரு ஓடினா எண்பது பேரு என்ன மாதிரி ஓடறவங்க. ஒங்க பெட்டியில எல்லாருக்கும், எல்லா நாளைக்கும்னு போடப் போறீங்க. ஆனா எங்களுக்கு எப்படி இருக்குன்னு கடைசியாத்தான் கேட்டீங்க. அதுவும் கை ஒடிஞ்சப்புறம். இந்தத் தடவ மொதல்ல நான் ஓடறேன். அதுக்கப்புறம் அவ ஓடட்டும்."

"கையி?" என்று கேட்டாராம் தோனா கிராசா.

"ஓடறது காலாலங்க."

அப்படித்தான் இரண்டு பேரும் பரிசோதகர் ஆனோம். நான் இருந்தது அவள் தயவால்.

புது மாதிரியில் தகட்டின் வாலை வெட்டிவிட்டு, குதிகாலுக்கு முன்னாலேயே கவை மாதிரி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அடிப்பாகம் பின்பக்கம் ஏழு மில்லிமீட்டர் அகலம் கூடியிருந்தது. வெளிப்பக்க நுரை கெட்டியானது. எடை நூற்றுத் தொண்ணூற்றாறு கிராமிலிருந்து இருநூற்றுப் பதினொன்று ஆகியிருந்தது. படிவத்தில் இறக்கம், கல் பாதை என்று இரண்டு கட்டங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன.

முதல் வியாழக்கிழமை குன்றில் ஏறி மேலே நின்றோம். அடோசிந்தா கீழே பார்த்தாள். நான் முன்னால் போகட்டுமா என்று கேட்டேன். விழுந்த நாளுக்குப் பிறகு நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"வேணாம். நீ முன்னாடி போனா வேகமாப் போவ. பின்னாடி வா."

அவள் பின்னால் இறங்கினேன். கோழி நடப்பதுபோல நடந்தாள், பிறகு ஓடினாள். அந்த வளைவில் நின்றாள். காலை வைத்து, எடுத்து, சாய்த்து வைத்து, நாலைந்து முறை மிதித்துப் பார்த்தாள். கடையில் தர்ப்பூசணி தட்டிப் பார்ப்பவர்களின் முகம்.

"போவல" என்றாள்.

"என்ன போவல?"

"வெளிய போவல. நீ மிதி."

மிதித்தேன். போகவில்லை. கீழே வந்ததும் அவள் சொன்னாள்: "நூத்தம்பது கிலோமீட்டர் ஆகட்டும். அப்பத்தான் எழுதுவேன்." அப்படியே செய்தாள். ஏழு வாரம் நிலைத்தன்மைக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். டெல்மு கேட்டும் போடவில்லை. எட்டாவது வாரம் ஐந்து போட்டாள். அதன்பிறகு அவள் ஷூவையும் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். இரண்டு பக்க நுரையும் ஒரே அளவு அமுங்கியிருந்தது.

எனக்கு அப்படி முழு மனதாக ஐந்து போட முடியவில்லை. ஒரு கிலோமீட்டர் ஓட்டங்களில் மூன்று ஐம்பத்தெட்டு, மூன்று ஐம்பத்தொன்பது. பழைய மாதிரியில் இருந்த அந்தத் துள்ளல் இதில் குறைவு. களைத்த நாளில் மெதுவாக ஓட இது எவ்வளவோ மேல், தள்ளுவதில்லை. துள்ளலுக்கு மூன்று போட்டேன். மேலே அழைத்துப் பேசினார்கள். டெல்மு என் பக்கம் சாய்ந்தார், வாலை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாமா என்றார்.

"ஒரு மில்லிமீட்டர் நீட்டினாலும் நான் போட மாட்டேன்" என்றாள் அடோசிந்தா. "வேகம் வேணும்னா இவளுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு கொடுங்க. பெட்டியில இலீதியாவுக்கு மட்டும்னு எழுதுங்க."

தோனா கிராசா சிரித்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். தகடு அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

நவம்பரில் போர்ட்டோவில் ஆற்றோரம் இன்னொரு அரை மாரத்தான் வந்தது. தொழிற்சாலையே எங்கள் இரண்டு பேர் பெயரையும் பதிவு செய்தது. புது மாதிரியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். தூறல் இருந்தது, பாலத்தருகே எதிர்க்காற்று. நான் சரியாகத்தான் ஓடினேன், எங்கும் விடவில்லை. ஒரு மணி முப்பது நிமிடம் எட்டு விநாடி.

அடோசிந்தாவுக்கு அது முதல் அரை மாரத்தான். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோட்டருகே காத்திருந்தேன். இரண்டு மணி முப்பத்தொரு நிமிடத்தில் வந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டவில்லை. நேராக வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஒன்னோடது எவ்வளவு?" என்றாள்.

சொன்னேன்.

"எட்டு விநாடியா? அடப்பாவமே." பிறகு, "அத எழுதுவியா?"

"எழுதுவேன்."

"எழுது. எனக்கு ஒரு சூப் வாங்கிக் கொடு. காலு ரெண்டும் என்னோடதா இல்ல."

திங்கட்கிழமை கடைசிப் படிவத்தைக் கொடுத்தேன். தோனா கிராசா நின்றபடியே படித்தார். கீழே உள்ள மூன்று வரியில் இப்படி எழுதியிருந்தேன்: தினசரி ஓட்டத்துக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் நான் போட்டதிலேயே இதுதான் நல்லது. போட்டிக்கும் போடலாம். ஆனால் பழைய மாதிரி இதைவிட வேகமாக இருந்தது, அது எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

"இத வச்சு நான் எப்படி விளம்பரம் பண்றது?" என்றார்.

"தெரியலங்க."

"அந்த எட்டு விநாடி ஷூவாலயா, காத்தாலயா, ஒங்களாலயா?"

"அதுவும் தெரியலங்க. தெரியலன்னே பின்பக்கம் எழுதியிருக்கேன்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்துப் பேனாவை நீட்டினார். தேதி போட மறந்திருந்தேன். போட்டுக் கொடுத்துவிட்டு, பசை காய்வதற்குள் கீழே இறங்கினேன்.